எந்த ஊர் கிதார்?: உற்பத்தி நாடு, தரம், விலை குறித்துச் சில குறிப்புகள்

1

கொடைக்கானலை ஒட்டியுள்ள அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கேட்டு விண்ணப்பித்தது இந்தப் பல்கலைக்கழகம்தான். 2019இல் குறியீடு கிடைத்தது. மலையின் உயரம், மண், குளிர், மூடுபனி எல்லாம் சேர்ந்துதான் பூண்டுக்கு அந்தக் காரத்தையும் நாள்பட்டும் கெடாத குணத்தையும் தருகின்றன என்பது இத்தகைய குறியீட்டின் தர்க்கம். ஊர்ப்பெயர் இங்கே பொருளுக்குள்ளேயே இறங்கிவிட்டிருக்கிறது. விதையைச் சமவெளிக்குக் கொண்டுபோய் ஊன்றினால் அதே பூண்டு வராது. (மலைப்பூண்டு ரகங்களில் ஒன்றுக்குச் 'சிங்கப்பூர்ப் பூண்டு' என்று பெயர் வழங்குவது வேறு கதை. ஊர்ப்பெயர்கள் எப்போதுமே கொஞ்சம் விளையாட்டுக் காட்டுகிறவைதான்.)

பூண்டுக்குப் பொருந்துகிற இந்தத் தர்க்கத்தை, சத்தமில்லாமல், மண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பொருட்களுக்கும் சந்தை நீட்டிவிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு பொருளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: எலக்ட்ரிக் கிதார். அதை வாங்கப் போகிற பிள்ளை முதல் கார்டு பிடிக்கக் கற்பதற்கு முன்னாலேயே ஒரு படிவரிசையைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. உச்சியில் அமெரிக்கா. அடுத்து ஜப்பான். பிறகு மெக்சிகோ, கொரியா. அதற்கும் கீழே இந்தோனேசியா, சீனா. கடைசிப் படியில் நம்ம ஊர்ச் சரக்கு. "இது சைனா பீஸ்ங்க, கத்துக்கறதுக்குப் போதும். கை நல்லா வந்தா அப்புறம் ஜப்பான் மேக் பாத்துக்கலாம்" என்கிறார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வரிசைப்படிதான் விலையும் இருக்கிறது, திரும்ப விற்றால் கிடைக்கிற பணமும் இருக்கிறது. அப்படியானால் இந்த வரிசை எதை அளக்கிறது என்பதுதான் கேள்வி.

கிதாருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். 1970களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்க் காதுகள் பழகிவந்த ஒலிகளில் இதுவும் ஒன்று. ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர்தான் பண்ணைப்புரத்து இளையராஜா. அவருடைய பாடல்களில் சதானந்தம் வாசித்த கிதாரைக் கேட்டு வளர்ந்த யாரும் 'இது எந்த நாட்டுக் கருவி?' என்று கேட்டதில்லை. காதுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. சந்தைக்குத்தான் தேவைப்படுகிறது.

2

முதலில் கருவியைப் பார்ப்போம். தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. நரசிங்கப்பேட்டை நாகசுரம் 2022இல் பெற்றது. ஒன்றுக்குப் பலா, மற்றொன்றுக்கு ஆச்சா. வீணையில் குடைந்த மரமே ஒலியைப் பெருக்குகிறது. நாகசுரத்தில் குழலின் துளைக்குள் காற்றே ஒலியாகிறது. மரமும் ஆசாரியின் கையும் அங்கே நேரடியாகக் காதுக்கு வருகின்றன.

எலக்ட்ரிக் கிதாரின் கதை வேறு. உடல் பெரும்பாலும் குடையப்படாத கட்டை. கம்பி எஃகு. கம்பிக்கு அடியில் 'பிக்அப்' என்ற காந்தமும் அதைச் சுற்றிய செம்புக்கம்பிச் சுருளும். எஃகுக்கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது, அது ஆம்ப்ளிஃபையருக்குப் போய் ஒலியாகிறது. கட்டை எந்த மரம் என்பதால் ஒலி எவ்வளவு மாறும் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் பிக்அப்பையோ ஆம்ப்பையோ மாற்றினால் வருகிற மாற்றத்தின் பக்கத்தில்கூட அது நிற்காது என்பதைக் கருவியைக் கழற்றிப் பூட்டிய எவரும் அறிவார்.

அப்படியென்றால் நல்ல கிதார், மட்டமான கிதார் என்ற வித்தியாசமே கிடையாதா? நிச்சயமாக உண்டு. கழுத்து நேராக இருக்க வேண்டும். வீணைக்கு மெட்டுகள் போல இதற்கு ஃப்ரெட்டுகள்; அவை அத்தனையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று தூக்கியிருந்தால் கம்பி இரையும். ஃப்ரெட்டின் முனைகளை அரத்தால் உருட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் விரலைக் கிழிக்கும். முறுக்காணி பிடித்த சுருதியில் நிற்க வேண்டும். மரம் ஒழுங்காக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் போகாத மரத்தில் செய்த கழுத்து பனிக்காலத்து வறட்சியில் சுருங்கும். ஃப்ரெட் முனைகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு வரும். சமவெளியிலிருந்து மலைக்கும் மலையிலிருந்து சமவெளிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது தெரிந்த தொல்லை.

இந்தப் பட்டியலில் எதுவும் ஒரு நாட்டின் மண்ணுக்கோ ரத்தத்துக்கோ சொந்தமான குணமில்லை. ஆனால் எல்லாமே ஒன்றைக் கேட்கின்றன: நேரம். மரத்தை உலரவிடும் நேரம், அரம் பிடிக்கும் நேரம், சோதித்துப் பார்த்துச் சரியில்லாததை ஒதுக்கிவைக்கும் நேரம். கணினி இயக்குகிற வெட்டு இயந்திரம் கலிபோர்னியாவிலும் சுராபாயாவிலும் ஒரே மாதிரிதான் வெட்டும். இயந்திரம் விட்ட இடத்திலிருந்து கை தொடங்குகிறது. அந்தக் கைக்கு ஒரு கிதாருக்கு எத்தனை நிமிடம் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார். இந்த விலைக்கு விற்க வேண்டும், அதற்கு இவ்வளவு நிமிடம், அந்த நிமிடத்துக்கு இவ்வளவு கூலி, அந்தக் கூலிக்கு எந்த நாடு? தீர்மானம் போகிற திசை இது. சந்தை இதைத் தலைகீழாக்கிச் சொல்கிறது: அந்த நாட்டுக்காரன் செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று. காரணம் விளைவாகவும் விளைவு காரணமாகவும் இடம் மாறிவிடுகின்றன. பண்டத்தின் மாயை என்று மார்க்ஸ் சொன்னதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை. மனிதர்களுக்கு இடையிலான உறவு, இங்கே நாடுகளின் இயற்கைக் குணமாக வேடம் போட்டு நிற்கிறது.

3

வேடம் என்பதற்கு வரலாறே சாட்சி. ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது என்று பொறிக்கச் சொன்ன சட்டங்களில் புகழ்பெற்றது பிரிட்டனின் 1887ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம். மலிவான ஜெர்மன் நகல்களிடமிருந்து பிரிட்டிஷ் நுகர்வோரை எச்சரிக்க வந்தது அது. 'மேட் இன் ஜெர்மனி' என்பது ஒரு சூட்டுக்குறி. கொஞ்ச காலத்தில் அதே குறி உயர்தரத்தின் முத்திரையாகிவிட்டது.

கிதாரிலும் இதே கதைதான். லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. 1965இல் நிறுவனத்தை சிபிஎஸ் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதே நாடு, அதே ஊர். ஆனாலும் 'சிபிஎஸ்ஸுக்கு முந்தியது', 'சிபிஎஸ் காலத்தது' என்று சேகரிப்பாளர்கள் விலையை இரண்டாக வெட்டுகிறார்கள். முதலாளி மாறினால் தரம் மாறும் என்று அமெரிக்க நுகர்வோருக்கு நன்றாகவே தெரிகிறது. இன்னொரு நாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் முதலாளி மறைந்து இனம் வந்துவிடுகிறது.

கிப்சனைப் பாருங்கள். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் இருந்த பழைய ஆலையை 1984இல் மூடிவிட்டு முழு உற்பத்தியையும் தொழிற்சங்கங்கள் வலுவில்லாத தென் மாநிலமான டென்னசிக்குக் கொண்டுபோனது. வேலையிழந்தவர்களில் சிலர் ஊரைவிட்டுப் போக மறுத்து, அதே கட்டிடத்தில் 1985இல் 'ஹெரிட்டேஜ்' என்ற பெயரில் கிதார் செய்யத் தொடங்கினார்கள். கையும் கட்டிடமும் கலமசூவில், பெயர் நாஷ்வில்லில். பொருளின் தரம் எந்தப் பக்கம் போயிற்று? பெரிய விலை பெயரோடுதான் போனது.

ஜப்பான் கதை இன்னும் சுவாரசியம். சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மேற்கில் 'ஜப்பான் சரக்கு' என்பது ஒரு காலத்தில் கேலிச்சொல். 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனீஸ் கிதார்களின் தலைவடிவம் தன்னுடையதைக் காப்பியடித்தது என்று வழக்குப் போட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. இன்று அந்தக் காலத்து ஜப்பான் நகல்களை 'வழக்குக் கிதார்' என்று சொல்லித் தேடித்தேடி வாங்குகிறார்கள். 1982இல் ஃபெண்டரே ஜப்பானில் உற்பத்தியைத் தொடங்க வேண்டியதாயிற்று. 1985இல் சிபிஎஸ் நிறுவனத்தை விற்றபோது ஃபுல்லர்ட்டன் ஆலை விற்பனையில் சேரவில்லை. கலிபோர்னியாவின் கரோனாவில் புதிய ஆலை நிலைபெறும்வரை 'அமெரிக்க' ஃபெண்டரைத் தூக்கி நிறுத்தியவை பெருமளவு ஜப்பானியக் கைகள்தான். 1987இல் எல்லை தாண்டி மெக்சிகோவின் என்செனடாவில் ஒரு ஆலை. இரண்டு ஆலைகளுக்கும் நடுவில் ஒரு பகல் லாரிப் பயணம்கூட இல்லை. அங்கே செய்ததன் விலை இங்கே செய்ததில் ஏறத்தாழப் பாதி.

இந்தியாவும் இந்தப் படியில் ஒரு காலை வைத்தது. 1980களின் கடைசியில் ஸ்குவையர் II, சன் மஸ்டாங் என்ற பெயர்களில் ஃபெண்டர் மலிவுக் கிதார்களைக் கொரியாவிலும் இந்தியாவிலும் செய்வித்தது. அதற்கு வெளியே, இறக்குமதித் தீர்வை வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்த காலத்தில் பல இந்தியப் பிள்ளைகளின் முதல் கிதார் கல்கத்தாவில் செய்த 'கிவ்சன்'. பெயரைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'மேட் இன் யுஎஸ்ஏ' என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று நம் நாட்டில் ஒரு பழைய கிண்டல் உண்டு. பர்மா பஜாரில் பேரம் பேசி வளர்ந்த தலைமுறைக்கு அதன் உள்ளர்த்தம் தெரியும். முத்திரைக்குத்தான் காசு என்றால் நாங்களும் முத்திரை குத்துவோம், அவ்வளவுதான். போலி என்று இதை ஒதுக்குவது சுலபம். அசல் எப்படி அசலாயிற்று என்ற ரகசியத்தையும் போலிதான் போட்டுடைக்கிறது.

4

ஒரு நாட்டின் பெயர் வசையிலிருந்து புகழுக்கு ஏற எத்தனை வருடம் ஆகிறது? அந்த நாட்டுத் தொழிலாளிகள் வேலையைக் கரைத்துக் குடித்து, சங்கம் வைத்து, கூலியை உயர்த்தும்வரை. உயர்த்தியதும் வேலை அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறது.

தென்கொரியாவின் கோர்ட் கிதார் நிறுவனம் தன் பெயரில் மட்டுமல்லாமல் ஃபெண்டர், ஐபனீஸ் போன்றோருக்கும் கிதார் செய்துகொடுத்தது. 2007இல் இஞ்சியோன் ஆலையில் ஆட்களை வெளியேற்றியது, தேஜோன் ஆலையை மூடியது. உற்பத்தி இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போனது. தேஜோன் ஆலையில் சன்னல்களே கிடையாது, வெளியே பார்த்தால் வேலை கெடும் என்று வைக்கவில்லை என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். போராட்டம் பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டியது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நடந்த இசைக்கருவிக் கண்காட்சிகளின் வாசலுக்கே போய் நின்றார்கள். டாம் மொரெல்லோ போன்ற கிதார் கலைஞர்கள் ஆதரவு தந்தார்கள். காலமெல்லாம் கிதார் செய்தும் வாசிக்கத் தெரியாதிருந்தவர்கள் போராட்டப் பந்தலில் வாசிக்கக் கற்று ஒரு இசைக்குழுவே தொடங்கினார்கள். 2019 ஏப்ரலில் உடன்பாடு வந்தது. கடைசிவரை நின்ற சிலர், மானத்துக்காகவென்று, ஒரு மாதம் மட்டும் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டார்கள்.

இப்போது பழைய கிதார் விற்கிறவர்கள் 'கொரியா மேக், இந்தோனேசியா இல்ல' என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். அந்தக் கூடுதல் விலை, வெளியேற்றப்பட்டவர்களின் திறமைக்கு அவர்கள் போனபின் சந்தை கொடுக்கிற மரியாதை. அதில் ஒரு காசும் அவர்களுக்குப் போகாது.

5

நம் மலைக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில், பழனி மலையின் கீழ்ச்சரிவுகள் உட்பட, வளர்கிற மரம் தோதகத்தி. ஈட்டி என்றும் சொல்வார்கள். உலகச் சந்தையில் இதற்குப் பெயர் இந்திய ரோஸ்வுட். 1960களின் பிற்பகுதியில் பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது அமெரிக்கக் கிதார் நிறுவனங்கள் இதற்கு மாறின. வாசிக்கிறவரின் விரல் நாள்முழுக்கத் தொடுகிற பலகை இதுதான். தலையின் பின்பக்கத்தில் 'மேட் இன் யுஎஸ்ஏ', விரலுக்கடியில் நம் மலைத்தொடர். ஃப்ரெட் போர்டின் மேல் எந்த முத்திரையும் கிடையாது. ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

2011 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் வனவிலங்குத் துறையினர் கிப்சனின் நாஷ்வில், மெம்ஃபிஸ் ஆலைகளில் சோதனை போட்டு இந்தியாவிலிருந்து வந்த ரோஸ்வுட், கருங்காலிப் பலகைகளைக் கைப்பற்றினார்கள். பிற நாட்டுச் சட்டத்தை மீறி வெட்டிய, ஏற்றுமதி செய்த மரத்தை வாங்குவது அமெரிக்காவின் லேசி சட்டப்படி குற்றம். இந்திய விதி, அறுத்த மரத்தை அப்படியே அனுப்பக்கூடாது என்கிறது. 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட மெல்லிய பலகையாக்கினால் அனுப்பலாம். வந்தது அதைவிடத் தடிமனானது என்பது குற்றச்சாட்டு. கிப்சனின் தலைவர் கொதித்தார்: இதே மரத்தை இந்தியத் தொழிலாளி இழைத்து முடித்திருந்தால் சட்டப்படி சரி, அமெரிக்கத் தொழிலாளி இழைத்தால் குற்றமா? 2012இல் சமரசம் ஆயிற்று. மடகாஸ்கர் கருங்காலி தொடர்பான பழைய விவகாரத்தையும் சேர்த்து 3 லட்சம் டாலர் அபராதம். இந்திய விதியில் தெளிவில்லை என்று இந்திய மரம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அந்த மரத்தை வைத்தே 'கவர்ன்மென்ட் சீரிஸ்' என்று ஒரு கிதார் வரிசையைச் செய்து விற்றது நிறுவனம். சோதனை போட்டதையே சரக்காக்கிவிட்டார்கள்!

அந்தத் தலைவர் கோபத்தில் உண்மையின் ஒரு பாதியைச் சொல்லிவிட்டார். தகராறு மரத்தைப் பற்றியது மட்டுமல்ல. கடைசி இழைப்பு யாருடையது என்பதைப் பற்றியது. மதிப்பு உயர்கிற அந்தக் கடைசி மில்லிமீட்டர்கள் எந்தக் கரையில் இழைக்கப்படும் என்பதைப் பற்றியது. மரம் தருகிற நாடு மரமாகவே இருக்க வேண்டும், பெயர் வைக்கிற நாடு பெயர் வைக்கும் என்பதே பழைய காலனிய ஏற்பாடு. அவர் சொல்லாமல் விட்ட பாதி இது.

6

முத்திரை எதைச் சொல்கிறது என்பதோடு எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதையும் கொடைக்கானல்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980களின் முற்பகுதியில் இங்கே வைக்கப்பட்டது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்த தெர்மாமீட்டர் அமெரிக்காவுக்குப் போய் அங்கிருந்து பல நாடுகளுக்குப் போனது. 2001 மார்ச்சில் முஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் குவியல் கண்டுபிடிக்கப்பட்டு ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். தெர்மாமீட்டரை நாக்குக்கடியில் வைத்த ஐரோப்பியக் குழந்தைக்குக் கொடைக்கானல் என்ற பெயர் தெரியாது. சுரம் சரியாகத்தான் காட்டியது. தரத்தில் குறையில்லை. குறை இங்கே தங்கிவிட்டது.

கிதாருக்கும் இது பொருந்தும். வார்னிஷ் புகை, மரத்தூள், செம்பு, நிக்கல் எல்லாம் ஏதோ ஒரு ஊரில்தான் தங்குகின்றன. 'நல்ல பீஸ்' என்று நாம் சொல்லும்போது அந்த ஊரின் மூச்சைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

7

இவ்வளவும் வெளிநாட்டுக் கதை என்று நாம் ஆறுதல்பட முடியாது. 'எங்க செஞ்சது?' என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு பங்காளிக் கேள்வி இருக்கிறது: "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" பிறந்த இடத்தை வைத்துக் கையின் தரத்தைத் தீர்மானிப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. மிருதங்கத்தைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்! தோல் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரவழைத்த தலித் கிறித்துவக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வரவேண்டியிருந்தது. அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. வாசித்தவர் பெயர் மேடையில், செய்தவர் பெயர் சேரியில். கிதாரின் நாட்டுமுத்திரையும் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி ஆயிரம் ஆட்களின் பெயரை மறைக்கிறது.

அப்படியானால் நாடு எது என்று பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். திரும்ப விற்கப் போகிறீர்கள் என்றால் பார்த்தே ஆக வேண்டும். சந்தையின் நம்பிக்கை பொய்யாக இருந்தாலும் அதன் விலை நிஜம். வாசிக்கப் போகிறீர்கள் என்றால் தலையிலுள்ள எழுத்தை விட்டுவிட்டுக் கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திப் பாருங்கள். முனைகளில் விரலை ஓட்டுங்கள். ஒரு தொழிலாளிக்கு எத்தனை நிமிடம் கொடுக்கப்பட்டது என்பதை விரல் சொல்லிவிடும். சுராபாயாவில் கூடுதல் நிமிடம் கிடைத்த கை, கரோனாவில் அவசரப்படுத்தப்பட்ட கையைவிட நல்ல கிதாரைத் தரும். குறைந்த நிமிடத்தில் செய்ததைக்கூட நல்ல ரிப்பேர்காரர் ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் சரிசெய்துவிடுவார். ஆலையில் திருடப்பட்ட நேரத்தை அவர் திருப்பிக் கொடுக்கிறார். அவருக்கு ஒழுங்காகக் கூலி கொடுங்கள்.

அட்டுவம்பட்டியிலிருந்து பூண்டுக்குக் கேட்ட குறியீட்டில் ஒரு நியாயம் இருந்தது. விளைவிக்கிறவர்கள் தங்கள் ஊர்ப்பெயரைத் தங்களுக்கென்று கேட்கிறார்கள். கிதாரின் நாட்டுப்பெயரைச் செய்தவர்கள் கேட்கவில்லை, விற்கிறவர்கள் வைத்தார்கள். பெயர் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது உரிமையாகவோ சூட்டுக்குறியாகவோ ஆகிறது. 'எந்த ஊர் கிதார்?' என்ற கேள்வியைக் கைவிட வேண்டாம். முழுசாகக் கேட்போம்: மரம் எந்த ஊர், கை எந்த ஊர், லாபம் எந்த ஊர், கழிவு எந்த ஊர்? நான்குக்கும் நான்கு பதில் வந்தால், தலையில் பொறித்திருக்கிற ஒற்றைப் பெயர் யாருடைய வசதிக்காக என்பது தானாகவே விளங்கிவிடும்.